கையால் இழுக்கும் எஸ்பிரசோ மெஷின்: கடன் எடுக்கும் முன் ஒரு பாடம்



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு குழுவின் ஊக்குநர் எழுந்து ஒரு விஷயத்தைச் சொன்னார். அவங்க குழு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் டீக்கடை நடத்துகிறது. மலை மேலே சுற்றுலா வர்றவங்களுக்காக நடந்த ஒரு காபிக்கடையை மூடிட்டாங்களாம். அங்கே இருக்கிற இத்தாலி நாட்டு எஸ்பிரசோ மெஷினை 1,20,000 ரூபாய்க்குத் தரக் கடைக்காரர் தயாராம். புதுசா வாங்கினால் பல லட்சம் ஆகும். "கடன் போட்டு வாங்கிடலாமா அக்கா?" என்பது கேள்வி.

"கல்யாண வீட்டில் புஸ்ஸுன்னு ஆவி விட்டுக் காபி போடுவாங்களே, அதுதானே? அதை ஓட்ட என்ன பெரிய படிப்பா வேணும்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரிச்சோம். ஆனாலும் தீர்மான நோட்டில் எதுவும் எழுதவில்லை. நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று, அந்தக் குழுவில் மூன்று பேரும் நானும் மலை ஏறிப் போய் மெஷினைப் பார்த்தோம். பார்த்ததையும், அதற்காக நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.

பேர் ஒண்ணு, மெஷின் வேற

கல்யாண வீட்டு மெஷினை முதலில் நினைச்சுப் பாருங்க. எவர்சில்வர் உருளை. அடியில் கேஸ் அடுப்பு. உள்ளே தண்ணி கொதிச்சு ஆவி சேருது. பக்கத்துக் குழாயைத் திறந்தால் ஆவி பீறிட்டு வரும். பாலும் சர்க்கரையும் காபித்தூளும் போட்ட ஜக்கை அந்தக் குழாயில் பிடிச்சால் பால் சூடாகி நுரை பொங்கும். தூள் பெரும்பாலும் அப்படியே கரையும் இன்ஸ்டன்ட் தூள்தான். அந்த மெஷின் காபியை வடிக்கவில்லை. பாலைச் சூடாக்கி நுரைக்க வைக்குது, அவ்வளவுதான். நம்ம ஊரில் அதற்கு எஸ்பிரசோ என்று பேர் நிலைச்சுப் போச்சு.

இத்தாலியில் எஸ்பிரசோ என்றால் வேறு. வறுத்து நைசாக அரைச்ச காபித்தூள் 7 கிராம். அதன் வழியே 88 டிகிரி சூட்டில் வெந்நீரை 9 பார் அழுத்தத்தில் தள்ளி, 25 வினாடியில் 25 மில்லி காபி எடுப்பது. அங்கே எஸ்பிரசோவுக்கென்று இருக்கும் தேசிய நிறுவனம் வகுத்த அளவு இது. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். 25 மில்லி எவ்வளவு தெரியுமா? இருமல் மருந்துக்குக் கொடுக்கிற 10 மில்லி மூடியால் இரண்டரை மூடி! பால் கிடையாது. மேலே தேன் நிறத்தில் ஒரு நுரைப் படலம் நிற்கும். அது காபியிலிருந்தே வரும் நுரை. கொட்டையை வறுக்கும்போது உள்ளே தங்கிய கரியமில வாயுவும் கொட்டையின் எண்ணெயும் அழுத்தத்தில் சேர்ந்து அப்படி வருது.

வீட்டு ஃபில்டரில் டிகாஷன் தன்பாட்டுக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கும். நாம் வாசல் பெருக்கி வர்ற வரைக்கும் இறங்கும். இங்கே தூள் இன்னும் நைஸ், நேரம் அரை நிமிஷத்துக்கும் குறைவு. தண்ணி தானாக இறங்காது, யாராவது தள்ளணும். யார் தள்ளுறாங்க, எதால் தள்ளுறாங்க என்பதுதான் இந்த மெஷினின் முழுக் கதையும்.

9 பார்னா எவ்வளவு?

"பார்" என்றதும் வேற எதையும் நினைச்சுக்காதீங்க. அழுத்தத்தை அளக்கிற அளவு அது. (இத்தாலியில் காபிக்கடைக்கும் பார் என்றுதான் பேர். அங்கே காலையில் பெண்களும் பெரியவர்களும் பாருக்குத்தான் போறாங்க, காபி குடிக்க.) விரல் நகம் அளவு இடத்தில், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில், ஒரு கிலோ எடையை ஏற்றி வைத்தால் எவ்வளவு அழுத்துமோ அதுதான் ஏறக்குறைய 1 பார்.

நம்ம குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே சுமார் 1 பார். கார் டயரில் 2 பாருக்குக் கொஞ்சம் மேலே. ஊர் மேல்நிலைத் தொட்டியை எடுத்துக்குங்க. 10 மீட்டர் உயரத்தில் தண்ணி நின்றால் கீழே குழாயில் 1 பார் அழுத்தம் கிடைக்கும். 9 பார் வேணும்னா தொட்டியை 90 மீட்டர் உயரத்தில், முப்பது மாடிக் கட்டிட உயரத்தில் கட்டணும். அவ்வளவு அழுத்தத்தை இந்த மெஷின் ஒரு பெண் கையால் இழுக்கிற கைப்பிடியிலிருந்து எடுக்குது.

ஆவியை விட்டுக் கைக்கு வந்த கதை

முதலில் இத்தாலிக்காரர்களும் ஆவியைத்தான் நம்பினாங்க. டூரின் நகரத்தில் ஆஞ்சலோ மோரியோண்டோ என்பவர் 1884-இல் ஆவியால் காபி வடிக்கும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1901-இல் மிலான் நகரத்து லூயிஜி பெட்சேரா, ஒவ்வொரு கப்பாகச் சுடச்சுட எடுக்கும் மெஷினுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். டெசிடேரியோ பவோனி அந்த உரிமையை வாங்கி 1905 முதல் மெஷின்களைச் செய்து விற்றார். ஆனால் இதிலெல்லாம் கிடைத்தது ஒன்றரை, இரண்டு பார் அழுத்தம்தான். காபியில் கருகல் வாடை வேற அடிக்கும்.

"அடுப்பை இன்னும் பெரிசா வச்சு ஆவியைக் கூட்டலாமே?" என்று எங்களோடு வந்த உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்வி. ஆவியால் 9 பார் வரணும்னா பாய்லருக்குள் தண்ணி 180 டிகிரி சூட்டுக்குப் போகணும். நாம் அப்பளம் பொரிக்கிற எண்ணெய்ச் சூடு அது. அந்தத் தண்ணி பட்டால் தூள் என்ன ஆகும்? பாய்லர் வெடித்தால் கடை என்ன ஆகும்? சூடும் அழுத்தமும் ஒன்றோடு ஒன்று கட்டிப் போட்டது போல இருக்கும் வரைக்கும் நல்ல காபி வராது.

அந்தக் கட்டை அவிழ்த்தவர் அக்கிலே காஜ்ஜா என்ற மிலான் காபிக்கடைக்காரர். 1938-இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பிறகு உலகப்போர் வந்துவிட்டது. போர் முடிந்து 1947-இல் லீவரும் ஸ்பிரிங்கும் வைத்த மெஷினுக்கு உரிமை வாங்கி, 1948-இல் கம்பெனி தொடங்கினார். சூடாக்கும் வேலை பாய்லருக்கு, தள்ளும் வேலை ஸ்பிரிங்குக்கு என்று பிரிச்சுட்டார். அந்த மெஷின்களின் முகப்பிலேயே "ஆவி இல்லாமல் இயங்குவது" என்று இத்தாலி மொழியில் எழுதியிருந்தாங்க. காபி மேல் நுரை வந்ததும் அப்போதுதான். ஆரம்பத்தில் குடிக்க வந்தவர்கள், "இதென்ன மேலே அழுக்கு மாதிரி மிதக்குது?" என்று முகம் சுளித்தார்களாம். அவர் அசரவில்லை. காபியின் கிரீம் என்று அதற்கே பேர் வைத்து விளம்பரம் செய்துவிட்டார். வியாபாரம் செய்யும் நமக்கும் அது ஒரு பாடம்தான்!

1961-இல் ஃபயேமா என்ற கம்பெனி, மோட்டார் பம்ப் வைத்துத் தண்ணியைத் தள்ளும் இ-61 மெஷினைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு பெரும்பாலான கடைகள் பம்புக்கு மாறின. ஆனால் நேப்பிள்ஸ் நகரத்தில் இன்றைக்கும் நிறைய கடைகளில் லீவர் மெஷின்தான் நிற்குது. ஏன் விடவில்லை என்பதைப் பின்னால் சொல்றேன்.

உள்ளே என்ன நடக்குது?

மெஷினின் உள்ளே ஒரு தடித்த குழாய். அதற்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன். சைக்கிள் பம்பைப் பிரித்துப் பார்த்தவங்களுக்கு உடனே விளங்கும். பிஸ்டனைச் சுற்றி ரப்பர் வாஷர்கள். குழாயின் கீழே, கைப்பிடி வச்ச ஒரு வடிகிண்ணத்தில் காபித்தூளை நிரப்பி, அமுக்கி, திருகி மாட்டணும்.

பிஸ்டன் குறுக்கே 5 சென்டிமீட்டர் என்று வச்சுக்குவோம். அதன் முகப்பு ஏறக்குறைய 20 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொன்றிலும் 9 கிலோ என்றால் 20 பெருக்கல் 9, மொத்தம் 180 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை ஏழை அந்தச் சின்ன வட்டத்தின் மேல் அடுக்கினது போல! எந்தக் கையும் நேராக இந்தப் பாரத்தைத் தள்ளாது. அதுக்குத்தான் லீவர். அடிபம்பில் கைப்பிடி ஏன் அவ்வளவு நீளம்? கடப்பாரையின் நுனியைப் பிடிச்சால் கல் லேசாகப் புரளுதே, ஏன்? அதே விதிதான். கைப்பிடி பக்கம் எட்டு மடங்கு நீளம் இருந்தால், 180 கிலோவுக்கு நாம் கொடுக்க வேண்டியது 22, 23 கிலோ. ஒரு குடம் தண்ணியைத் தூக்குறதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

நாங்க பார்த்தது ஸ்பிரிங் வகை. கைப்பிடி நட்டுக்குத்தலாக நிற்கும். அதைக் கீழே இழுக்கணும். இழுக்கும்போது உள்ளே பிஸ்டன் மேலே ஏறும், பெரிய ஸ்பிரிங் சுருங்கும். பிஸ்டன் ஏறினதும் பாய்லரிலிருந்து வெந்நீர் வர வழி திறக்கும். தண்ணி தூள் மேல் இறங்கும். இங்கே அவசரப்படக் கூடாது. கைப்பிடியைக் கீழேயே ஐந்து பத்து வினாடி பிடிச்சிருந்து தூளை ஊற விடணும். புட்டு மாவுக்குத் தண்ணி தெளிச்சுப் பிசறி வைப்போமே, அதுபோல. பிறகு மெதுவாகக் கையைத் தளர்த்தினால் ஸ்பிரிங் விரிய ஆரம்பிக்கும். பிஸ்டனைக் கீழே தள்ளும். கைப்பிடி தானாக மேலே ஏறும். கீழே காபி முதலில் சொட்டும், பிறகு நல்லெண்ணெய் ஊத்துற மாதிரி மெல்லிசாக இறங்கும். சத்தமே இல்லை. மோட்டார் இரைச்சலும் இல்லை. கடைக்காரர் போட்டுக் காட்டினபோது நாங்க நாலு பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம் என்றுதான் சொல்லணும்.

ஸ்பிரிங் இல்லாத வகையும் உண்டு. அதில் கைப்பிடியைத் தூக்கினால் தண்ணி உள்ளே வரும், நாமே கையால் அழுத்தி இறக்கணும். லா பவோனி கம்பெனி 1961 முதல் விற்கும் யூரோபிக்கோலா என்ற வீட்டு மெஷின் இந்த வகை. அழுத்தம் எவ்வளவு என்பது அழுத்துறவங்க தோளுக்குத்தான் தெரியும். இன்னும் எளிசு, பாய்லரே இல்லாத கைமெஷின். அடுப்பில் கொதிச்ச தண்ணியை ஊற்றி, லீவரை அழுத்திக் காபி எடுக்கலாம். ஃப்ளேர், ரோபோ என்ற பேர்களில் வருது. கரண்டும் வேண்டாம், கேஸ் இணைப்பும் வேண்டாம். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு கப், மிஞ்சினால் ரெண்டு. பால் நுரைக்க ஆவி கிடையாது. வீட்டுக்குச் சரி; பஸ் வந்து நின்று பத்துப் பேர் ஒண்ணா இறங்கினால் கதை கந்தல்.

தூள்தான் பாதி மெஷின்

இதை அழுத்தமாகச் சொல்லணும். ஏன்னா மெஷின் விற்கிறவங்க இதைக் கடைசியாகத்தான் சொல்வாங்க.

வாய்க்கால் கரையில் ஒரு நண்டு வளை இருந்தால் என்ன ஆகும்? தண்ணி முழுக்க அதன் வழியாகவே ஓடிடும், வயல் காயும். 9 பாரில் தள்ளப்படுற தண்ணியும் அப்படித்தான். தூள் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம் என்று இருந்தால் பள்ளத்துப் பக்கமாகப் பிச்சுக்கிட்டுப் போகும். அங்கே இருந்த தூள் அளவுக்கு மேல் கரைஞ்சு கசக்கும், மற்ற தூள் சாரம் இறங்காமலே கிடக்கும். ஒரே கப்பில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வரும். தூள் கொரகொரப்பாக இருந்தால் பத்து வினாடியில் தண்ணியாக ஓடிடும். ரொம்ப நைசாக இருந்தால் சொட்டவே சொட்டாது.

அதனால் இதற்கென்று, அரைவை அளவை நூல் நூலாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய அரைக்கும் மெஷின் தனியாக வேணும். மில்லில் ஃபில்டருக்கு அரைச்சு, சிக்கரி கலந்து கொடுக்கும் தூள் இதற்காக அரைத்தது இல்லை. கொட்டையாக வாங்கி அப்பப்போ அரைச்சுத்தான் போடணும். மழை நாளில் ஒரு மாதிரி, வெயில் நாளில் ஒரு மாதிரி அரைவையை மாற்ற வேண்டிவரும். நாங்க போன கடையில் அந்த அரைக்கும் மெஷின் விலையில் சேர்த்தி இல்லை. அதற்குத் தனியாக 30,000 கேட்டார். நாங்க கேட்ட பிறகுதான் சொன்னார் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

எது நல்லது, எங்கே இடிக்குது

நேப்பிள்ஸ்காரர்கள் ஏன் விடவில்லை என்று கேட்டேன் இல்லையா? முதல் காரணம் ருசி. பம்ப் மெஷின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை 9 பாரிலேயே தள்ளும். ஸ்பிரிங் விரிய விரியத் தளர்ந்துடும். தொடங்கும்போது 9, 10 பார் இருந்தால் முடியும்போது 5, 6-க்கு இறங்கும், மெஷினுக்கு மெஷின் மாறும். தூளில் நல்ல சாரம் முதலில் இறங்கிடும், கடைசியில் கசப்புதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து அழுத்தம் குறைவதால் கசப்பு அதிகம் வராது. காபி கெட்டியாக, மிருதுவாக இருக்கும்.

அடுத்து, பழுதாகக்கூடிய சாமான் குறைவு. மோட்டார் இல்லை, பம்ப் இல்லை, எலெக்ட்ரானிக் போர்டு இல்லை. ஸ்பிரிங், பிஸ்டன், வாஷர், பாய்லர். கை ராசியுள்ள மெக்கானிக் திறந்து பார்த்தால் விளங்கிடும். பல வருஷம் உழைக்கும். கேஸில் சூடாகும் மாடலாக இருந்தால் கரண்ட் போனாலும் காபி நிற்காது. நம்ம பக்கத்துக்கு இது சின்ன விஷயமா?

இடிக்கிற இடம் என்று பார்த்தால் முதலில் தோள்பட்டை. 23 கிலோ ஒரு தடவை இழுப்பது பெரிசில்லை. நாளுக்கு நூறு தடவை, வருஷம் முழுக்க என்றால் யார் இழுக்கப் போறாங்க? குழுவில் பாதிப் பேர் ஐம்பது வயசைத் தாண்டியவங்க. கர்ப்பப்பை ஆபரேஷன் செய்தவங்க இருக்காங்க. சுற்று முறை வைத்து எல்லாரும் ஒரு நாள் இழுக்கலாம் என்றால், ஒருத்தர் போட்ட காபி மாதிரி இன்னொருத்தர் போட்டது இருக்காது. இந்த மெஷினில் கைப்பக்குவம் அப்படியே கப்பில் தெரியும். நல்லா பழகினவங்க கையில் அது வரம். பழகாத கையில் தூளும் பாலும் தண்டம். வாடிக்கையாளர் நேற்று குடித்த ருசியைத்தானே இன்றைக்கும் கேட்பார்?

சூடும் ஒரு தொல்லை. காலையில் பெரிய மெஷின் சூடேற அரை மணிக்கு மேல் ஆகும். ஐந்து மணி பஸ்ஸுக்குக் கடை திறக்கணும்னா நாலே காலுக்கு வந்து போடணும். சின்ன வீட்டு மெஷினில் இதற்கு நேர்மாறு: மூணு நாலு கப் தொடர்ந்து எடுத்தால் தலைப்பகுதி காய்ஞ்சு காபி கசந்துடும், ஆற விட்டுத்தான் மறுபடி போடணும். 

தண்ணியைப் பத்தி நான் சொல்லித்தான் தெரியணுமா? நம்ம போர் தண்ணியில் வெந்நீர் போடுற தவலையின் அடியில் வெள்ளையா உப்பு படியுதே, அது பாய்லருக்குள்ளும் படியும். மெல்லிய குழாய்களை அடைச்சுடும். கேன் தண்ணி, இல்லாட்டி உப்பைக் குறைக்கிற ஃபில்டர், ரெண்டில் ஒண்ணு வேணும். அது மாசச் செலவில் சேரும். ரப்பர் வாஷர்கள் தேயும். ஓடாமல் கிடந்தால் இன்னும் மோசம், காய்ஞ்சு வெடிச்சுடும். நாங்க பார்த்த மெஷின் எட்டு மாசமாகச் சும்மா கிடந்தது. கடைக்காரர் காபி எடுக்கும்போதே வடிகிண்ணத்தின் ஓரமாகத் தண்ணி கசிஞ்சதை எங்களோடு வந்த குழுவின் பிரதிநிதிதான் முதலில் பார்த்தார். "வாஷர் மாத்தினா சரியாயிடும்" என்றார் அவர். "அந்த வாஷர் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டோம். "வெளியூரிலிருந்து வரவழைக்கணும்" என்றார். வர எத்தனை நாள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

இன்னொண்ணு. லீவரை இழுக்கும்போது மெஷினே முன்னால் சாயப் பார்க்கும். கனமான மேடையில் போல்ட் போட்டு இறுக்கணும். தள்ளுவண்டியிலோ மடக்கு மேசையிலோ வைக்க முடியாது.

சூடு பட்ட கதை

இதை நான் எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், வெட்கமாகத்தான் இருக்கு. ஆனாலும் உங்களுக்குப் பயன்படும்.

நானும் ஒரு கப் போட்டுப் பார்க்கிறேன் என்று இழுத்தேன். தூள் நைசாகப் போய்விட்டது போல. கைப்பிடி பாதியில் நின்றுவிட்டது, காபி சொட்டவில்லை. ஒரு நிமிஷம் பார்த்தேன். சரி, கழட்டி வேற தூள் போடலாம் என்று வடிகிண்ணத்தைத் திருகினேன். உள்ளே அழுத்தம் அப்படியே அடைபட்டு இருந்திருக்கிறது. பட்டென்று ஒரு சத்தம். சூடான தூளும் தண்ணியும் மணிக்கட்டில் தெறித்தது. உடனே குழாயைத் திறந்து இருபது நிமிஷம் தண்ணியில் கையைக் காட்டினேன். உங்களில் யாருக்கு எந்தச் சூடு பட்டாலும் இதைத்தான் செய்யணும். பற்பசை, பேனா மை, மாவு எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிசா வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

குக்கரில் ஆவி அடங்காமல் மூடியைத் திறப்போமா? அதே விதிதான். காபி இறங்கி முடிந்து, அழுத்தம் அடங்கின பிறகுதான் வடிகிண்ணத்தைக் கழட்டணும். பாய்லர் சூடாக இருக்கும்போது தண்ணி ஊற்றும் மூடியைத் திருகவே கூடாது.

இதைவிட ஆபத்து ஒண்ணு உண்டு, அதைக் கடைக்காரரே சொன்னார். வடிகிண்ணம் மாட்டாமலோ, தூள் இல்லாமலோ, தண்ணி வராமலோ கைப்பிடியை இழுத்துவிட்டுக் கையை விட்டால், ஸ்பிரிங்கைத் தடுக்க உள்ளே எதுவும் இருக்காது. கைப்பிடி மின்னல் வேகத்தில் மேலே வரும். முகம் நேரே இருந்தால் தாடை, பல் போயிடும். இழுக்கும்போது முகத்தைத் தள்ளி வச்சுக்கிட்டு, ஸ்பிரிங்குக்கு எதிர்ப்பு இருக்குன்னு கையில் தெரிஞ்ச பிறகுதான் பிடியை விடணும். குழந்தைகளைக் கடைக்குக் கூட்டி வர்ற உறுப்பினர்கள் இதை நல்லா யோசிக்கணும்.

கணக்கைப் பார்ப்போமா?

மெஷின் 1,20,000, அரைக்கும் மெஷின் 30,000. மொத்தம் 1,50,000. 24 மாசத் தவணை என்றால் அசல் மாசம் 6,250 ரூபாய். நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய் வட்டி என்று வச்சால் முதல் மாச வட்டி 1,500. ஆக முதல் தவணை 7,750 ரூபாய். போகப்போக வட்டி குறையும்.

ஒரு கப் காபியில் பால், சர்க்கரை, கொட்டை, கேஸ் எல்லாச் செலவும் போக 10 ரூபாய் நிற்குதுன்னு வச்சுக்குவோம். தவணைக்கு மட்டும் 775 கப் விற்கணும். மாசம் 25 நாள் கடை திறந்தால் நாளுக்கு 31 கப். அந்தக் குழுவின் நோட்டைப் பார்த்தோம். நாளுக்கு டீதான் அதிகம். காபி இருபது, இருபத்திரண்டு கப் போகுது. அதுவும் ஃபில்டர் டிகாஷன் காபி, நல்ல பேர் எடுத்த காபி. வர்ற ஆள் இரண்டரை மருந்து மூடிக் கருப்புக் காபி கேட்டு வரப் போறதில்லை. பால் சேர்த்துத்தான் கொடுக்கணும். பால் சேர்த்த பிறகு இந்த மெஷின் காபிக்கும் நல்ல டிகாஷன் காபிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு எத்தனை பேர் கூடக் காசு தருவாங்க?

தூள் கணக்கும் இருக்கு. கப்புக்கு 7 கிராம் என்றால் ஒரு கிலோவில் 142 கப் வரணும். அரைவை சரிபண்ணக் கொட்டுறது, பழகும்போது வீணாகிறது போக 120 வந்தால் நல்லது. அப்புறம் அந்தப் பெரிய மெஷினின் ஹீட்டர் 3,000 வாட். முழுசாக எரியும்போது மணிக்கு 3 யூனிட், அதுவும் கடை இணைப்புக் கட்டணத்தில். கேஸ் என்றால் வீட்டுச் சிலிண்டரைக் கடையில் வைக்கக் கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வாங்கணும். இது தெரியாமல் மாட்டிக்கொண்டவங்க நம்மிலேயே இருக்காங்க.

என் கருத்தைக் கேட்டால், மெஷின் நல்ல மெஷின். சுற்றுலாக்காரர்கள் வந்து நின்று, நிதானமாகக் குடிச்சு, அதற்கான விலையும் கொடுக்கிற இடத்தில், தினமும் ஒரே ஆள் நின்று பழகினால் அது சம்பாதிச்சுக் கொடுக்கும். பஸ் நிறுத்தத்தில், சுற்று முறையில், கடன் காசில் அதை நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. பாலை நுரைக்க ஆவி வேணும்னா கல்யாண வீட்டு வகை மெஷினே போதும், அதன் விலையும் குறைவு. இதை அந்தக் குழுவிடமும் சொல்லிட்டேன்.

குழு என்ன சொன்னது தெரியுமா? ஊக்குநர் என் பேச்சை முழுசாக ஏற்கவில்லை. "மலை அடிவாரத்தில் வண்டி நிறுத்துற இடம் புதுசா வருதே அக்கா, அங்கே கடை மாத்தினா?" என்றார். அதுவும் நியாயமான கேள்விதான். கடைசியில் தீர்மான நோட்டில் இப்படி எழுதினாங்க: முன்பணம் எதுவும் கொடுப்பதில்லை. கடைக்காரர் தன் செலவில் வாஷர்களை மாற்றி, அரைக்கும் மெஷினையும் சேர்த்து விலை சொல்ல வேண்டும். அதன் பிறகு நம் உறுப்பினர்களில் இருவர், கடைக்காரர் கை படாமல், தொடர்ந்து இருபது கப் போட்டுப் பார்ப்பார்கள். கசிவு இல்லாமல், ருசி மாறாமல் வந்தால் அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.

கடைக்காரர் சம்மதித்துவிட்டார். வருகிற வியாழக்கிழமை மறுபடியும் மலை ஏறுகிறோம். கால் கிலோ வறுத்த கொட்டை, ரெண்டு கேன் தண்ணி, நம்ம டீக்கடைப் பால் எல்லாம் எங்களோடு வருது. இந்தத் தடவை லீவர் பக்கம் நான் போகப் போவதில்லை.